அந்த வாத்தியார் என்ன ஆனார்?



எதிரணித் தலைவி அம்மையார் ஒன்று சொன்னார்கள். ஒரு பெரிய மனிதருடைய வாழ்க்கையைப் படமாக எடுக்கிறான். நாமும் போய் உட்கார்ந்து மூன்று மணி நேரம் முந்தானையை நனைக்கிறோம். விளக்கைப் போட்டதும் முதலில் கேட்கிற கேள்வி என்ன? "எங்கே போய்ச் சாப்பிடலாம்?" (சிரிப்பு) இப்படிப்பட்ட படம் பார்ப்பவன் மனத்தை மாற்றும் என்று நீங்கள் எப்படி ஐயா பேசலாம் என்று என்னை நேராகவே கேட்டுவிட்டார்கள்.

அம்மா, சாப்பிடப் போகிறவன் மனம் மாறாதவன் என்று யார் சொன்னது? அழுத பிறகுதானம்மா நல்லாப் பசிக்கும்! (கைதட்டல்)

விளையாட்டு போகட்டும். காந்தியடிகள் படத்தைப் பற்றி என் தோழர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். நான் கொஞ்சம் கடல் தாண்டிப் போகிறேன். ஒரே ஒரு படம். அதை யார் யார் பார்த்தார்கள், பார்த்தவர்களுக்கு என்ன ஆனது, அதை மட்டும் சொல்கிறேன். படத்தின் பெயர் 'மால்கம் எக்ஸ்'. எடுத்தவர் ஸ்பைக் லீ, கறுப்பின இயக்குநர். நடித்தவர் டென்சல் வாஷிங்டன். அமெரிக்காவில் வெளிவந்த நாள் 1992 நவம்பர் 18. இந்தத் தேதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மால்கம் யார்? 1925-இல் ஒமாஹா என்ற ஊரில் பிறந்தவர். இயற்பெயர் மால்கம் லிட்டில். அவருக்கு 6 வயதாக இருக்கும்போது அப்பா டிராம் வண்டியில் அடிபட்டுச் செத்தார். அரசாங்கம் விபத்து என்று எழுதியது. கொலை என்று குடும்பம் நம்பியது. அம்மாவுக்குக் கையில் வரிசையாகப் பிள்ளைகள், வீட்டில் பட்டினி. கடைசியில் அந்த அம்மாவை மனநல மருத்துவமனையில் கொண்டுபோய் அடைத்தார்கள். எத்தனை வருஷம் தெரியுமா? ஏறக்குறைய 24 வருஷம்! பிள்ளைகள் திசைக்கு ஒன்றாய்ப் போனார்கள். இந்தப் பையன் பாஸ்டன், நியூயார்க் என்று அலைந்து, சூதாடி, கஞ்சா விற்று, வீடு புகுந்து திருடி, 21 வயது நிரம்புவதற்குள் ஜெயிலுக்குப் போனார். ஜெயிலில்தான் படித்தார். அங்கேதான் எலைஜா முகம்மது என்பவருடைய 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தில் சேர்ந்தார். 'லிட்டில்' என்கிற பெயர் அடிமையாக வைத்திருந்த வெள்ளைக்காரன் கொடுத்த பெயர், என் உண்மையான குலப் பெயர் எனக்குத் தெரியாது, கணக்கில் தெரியாததற்கு எக்ஸ் போடுகிறோமே, அந்த எக்ஸ்தான் நான் என்று போட்டுக்கொண்டார். 1964-இல் அந்த இயக்கத்தை விட்டு வெளியே வந்தார். மெக்கா போனார். எல்லா நிறத்து மனிதர்களும் ஒரே பந்தியில் உண்பதைப் பார்த்தார். வெள்ளையன் எல்லாம் சாத்தான் என்று பேசிவந்த மனிதர், நான் சொன்னது தப்பு என்று ஊருக்கே தெரியச் சொன்னார். 1965 பிப்ரவரி 21. நியூயார்க்கில் ஆடுபன் பால்ரூம் மண்டபத்தில் மேடையேறிப் பேச வாயெடுத்த நேரம் சுட்டுக் கொன்றார்கள். வயது 39. மனைவியும் பிள்ளைகளும் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதைப் படமாக எடுக்கப் போகிறோம் என்றார்கள். பாருங்க, படம் வருவதற்கு முன்னாலேயே பார்வையாளன் சண்டைக்கு வந்துவிட்டான். முதலில் இயக்குவதாக இருந்தவர் நார்மன் ஜூவிசன், வெள்ளையர். நல்ல இயக்குநர்தான். இந்தக் கதையைக் கறுப்பன்தான் எடுக்க வேண்டும் என்று ஸ்பைக் லீ குரல் கொடுத்தார். ஜூவிசன் பெருந்தன்மையாக விலகிக்கொண்டார். சரி, பிரச்சினை முடிந்தது என்று நினைத்தால், 1991-இல் ஹார்லெமில் ஒரு கண்டனக் கூட்டம். நடத்தியவர் அமிரி பராக்கா என்கிற கறுப்பினக் கவிஞர். அவருடைய கோபம் யார் மேல்? ஸ்பைக் லீ மேலேயே! வசதியான கறுப்பர்கள் சௌகரியமாக உட்கார்ந்து பார்ப்பதற்காக எங்கள் மால்கமை நீ கெடுத்துவிடாதே என்றார். மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று வேறு மாப்பிள்ளை பார்த்தால், அந்த மாப்பிள்ளையையும் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே சட்டையைப் பிடித்தார்கள். (சிரிப்பு)

எனக்கு இதில் சந்தோஷம் உண்டு, சொல்லிவிடுகிறேன். தன் தலைவனுடைய கதை தப்பாகப் போய்விடுமோ என்று பதறுகிறவன் இருக்கிறானே, அவன் வேடிக்கை பார்க்க வந்தவன் இல்லை. அவனுக்கு அது குடும்பச் சொத்து.

எடுக்கும்போது பணம் கையை மீறிப் போயிற்று. படம் 3 மணி 22 நிமிஷம். எகிப்து போக வேண்டும், மெக்கா போக வேண்டும். மெக்காவில் முஸ்லிம் அல்லாதவர் காலெடுத்து வைக்க முடியாது. முஸ்லிம் தொழில்நுட்பக் கலைஞர்களை மட்டும் கொண்ட தனிக் குழு போய் எடுத்துவந்தது. செலவு ஏறியது, கம்பெனிக்காரர்கள் கையை விரித்தார்கள். ஸ்பைக் லீ தன் சம்பளத்தில் பெரும்பகுதியை உள்ளே போட்டார். அதுவும் போதவில்லை. 1992-இல் கறுப்பினத்தில் பேரும் புகழுமாக இருந்தவர்களிடம் போய்க் கேட்டார். கூடைப்பந்து வீரர்கள் மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், தொலைக்காட்சியின் ஓப்ரா வின்ஃப்ரி, பில் காஸ்பி, பாடகர்கள் ஜேனட் ஜாக்சன், பிரின்ஸ், டிரேசி சாப்மன் இவர்களெல்லாம் கொடுத்தார்கள். கடனாக அல்ல, லாபத்தில் பங்குக்காகவும் அல்ல. மொய் எழுதுவது போலக் கொடுத்தார்கள். நம்ம ஊர் மொய்யாவது திரும்பி வரும். இது திரும்பி வராத மொய்!

படம் வரப்போகிற நேரத்தில் இன்னொரு கூத்து. முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வந்து படத்தைப் பாருங்கள் என்று கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஸ்பைக் லீ அழைப்பு விடுத்தார். ஊரெல்லாம் ஒரே சத்தம். நானும் வாத்தியார். என் வகுப்பை விட்டுவிட்டுப் படத்துக்குப் போ என்று ஒரு இயக்குநர் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் அவர் சொன்னதன் பொருள் வேறு. உன் பாடப்புத்தகத்தில் இந்த மனிதன் இல்லையப்பா, இன்றைக்கு ஒரு நாள் இங்கே வந்து படி என்றார்.

நாடு அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. ராட்னி கிங் என்கிற கறுப்பரை 1991 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்காரர்கள் நடுத்தெருவில் அடித்த அடியை யாரோ ஒருவர் வீடியோவில் பிடித்துவிட்டார். உலகமே பார்த்தது. 1992 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அடித்தவர்கள் குற்றவாளிகள் அல்ல! ஊர் பற்றி எரிந்தது. 50 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த ஏழாவது மாசம் இந்தப் படம். முதல் காட்சியே அந்த வீடியோதான். திரை நிறைய அமெரிக்கக் கொடி. அது எரிகிறது. ஓரங்கள் எரிந்து எரிந்து மிச்சம் நிற்பது 'எக்ஸ்' என்கிற எழுத்து. இதைப் போட்டால் அரங்குகளில் கலவரம் வரும் என்று பயந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வந்தவர்கள் அமைதியாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

எதிரணி அம்மா சிரிக்கிறார்கள். தொப்பியைப் பற்றிச் சொல்லப் போகிறார்கள் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். எக்ஸ் போட்ட தொப்பி, எக்ஸ் போட்ட பனியன் அமெரிக்கா முழுக்க விற்றது. புரூக்ளினில் ஸ்பைக் லீயின் சொந்தக் கடையிலேயே விற்றார்கள். தொப்பி போட்ட பையன்களில் பாதிப் பேருக்கு அந்த எழுத்துக்குப் பொருள் தெரியாது என்று பெரியவர்கள் அலுத்துக்கொண்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடவே இன்னொன்றும் நடந்தது. மால்கம் சொல்லச் சொல்ல அலெக்ஸ் ஹேலி எழுதிய சுயசரிதை 1965-இல் வந்த புத்தகம். 27 வருஷம் கழித்து அது திரும்பவும் அதிகம் விற்கிற புத்தகங்களின் பட்டியலில் வந்து உட்கார்ந்தது. தொப்பி வாங்கியவன் தொப்பியோடு நிற்கவில்லை அம்மா. தொப்பிக்குக் கீழே தலை இருக்கிறதே! (கைதட்டல்)

புத்தகத்தைப் படித்தவன் படத்தின் மேல் வழக்குப் போட்டான். அதுவும் நடந்தது. ஜெயிலில் மால்கமைத் திருத்தியது யார்? படத்தில் பெயின்ஸ் என்று ஒரு கைதி வருகிறார். அப்படி ஒரு ஆள் கிடையாது, கற்பனை. உண்மையில் திருத்தியது அண்ணன் தம்பியும் அக்காவும். கடிதம் மேல் கடிதம் போட்டு, நேரில் வந்து பேசி, அந்தப் பையனை மீட்டெடுத்தது கூடப் பிறந்த பிறப்பு. தகப்பன் செத்து, தாயை அடைத்துவைத்து, சிதறிப்போன ஒரு குடும்பம் தன் பிள்ளையைத் தானே தேடிப் பிடித்தது. அது படத்தில் இல்லை. பாஸ்டனில் அவரைத் தாங்கிய, அப்பாவின் முதல் தாரத்து மகளான அக்கா எல்லா, அவரும் இல்லை. சினிமாவுக்கு ஒரு குரு வேண்டும், ஒரு சீடன் வேண்டும். ஐந்தாறு உடன்பிறப்பை எங்கே நிறுத்துவது? எனக்கு இதில் வருத்தம்தான். இந்த இடத்தில் நான் எதிரணிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

ஆனாலும் அந்தப் பெயின்ஸ் வருகிற ஒரு காட்சி என்னைப் பிடித்து உலுக்கியது. அகராதியை எடுத்து கறுப்பு என்ற சொல்லுக்கு என்ன போட்டிருக்கிறது, வெள்ளை என்ற சொல்லுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார். கறுப்புக்கு அழுக்கு, தீமை. வெள்ளைக்குத் தூய்மை, நேர்மை. நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தொல்காப்பியர் நினைவு வந்துவிட்டது. கறுப்பு என்ற சொல்லும் சிவப்பு என்ற சொல்லும் கோபத்தைக் குறிக்கும் என்று அவர் எழுதிவைத்தார். அழுக்கு என்று சொல்லவில்லை, கோபம் என்று சொன்னார். மால்கமுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் மனுஷன் சிரித்திருப்பார்!

இன்னொரு காட்சி. ஒரு வெள்ளைக்காரக் கல்லூரிப் பெண் ஓடிவருகிறாள். உங்கள் மக்களுக்காக என் போன்றவள் என்ன செய்யலாம் என்று கேட்கிறாள். மால்கம் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகிறார். "ஒன்றுமில்லை." அவ்வளவுதான். அந்தக் குழந்தை முகம் அப்படியே வாடிப்போய் நிற்கிறது. இதைப் பார்த்துப் பெருமைப்படுகிறவனும் உண்டு, நெஞ்சு வலிக்கிறவனும் உண்டு. ஆனால் பின்னாளில் மால்கம் அந்தப் பெண்ணை நினைத்து நினைத்து வருந்தினார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். சுயசரிதையில் இருக்கிறது. படத்தில் அந்த வருத்தம் இல்லை. படத்தை மட்டும் பார்த்தவனுக்கு அந்தப் பெண் இன்னமும் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாள்.

சரி, தேதியை நினைவில் வைக்கச் சொன்னேனே. மால்கமைக் கொன்றதாக 1966-இல் மூன்று பேருக்குத் தண்டனை கொடுத்தார்கள். அதில் ஹேயர் என்பவர் கையும் களவுமாகப் பிடிபட்டவர். அவர் விசாரணையிலேயே, நான் சுட்டேன், ஆனால் இந்த இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. 1970-களின் பின்பகுதியில் கூட வந்தவர்கள் யார் யார் என்று வாக்குமூலமாகவே எழுதிக் கொடுத்தார். அப்போதும் கேட்கவில்லை. ஸ்பைக் லீ கேட்டார். அவர் படத்தில் கொலைகாரர்களாக வருகிறவர்கள் ஹேயர் சொன்ன ஆட்கள். தண்டனை பெற்ற அந்த இரண்டு பேர் அல்ல. கோர்ட்டு எப்போது இதை ஒப்புக்கொண்டது? 2021 நவம்பர் 18! படம் வெளிவந்த அதே தேதி, சரியாக 29 வருஷம் கழித்து. முகம்மது அஜீஸ், கலீல் இஸ்லாம் இரண்டு பேர் மேலும் இருந்த தீர்ப்பை நியூயார்க் நீதிமன்றம் ரத்து செய்தது. போலீசும் எஃப்.பி.ஐ.யும் ஆதாரத்தை மறைத்தார்கள் என்று தெரிந்தது. ஆளுக்கு 20 வருஷம், அதற்கு மேலும், சிறையில் கழித்தவர்கள். விடுதலைச் செய்தியைக் காதால் கேட்க அஜீஸ் இருந்தார், 83 வயதில். கலீல் இஸ்லாம் 2009-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நடுவர் அய்யா, இதை என் அணிக்குப் பெரிய வெற்றி என்று நான் மார்தட்டலாம். தட்ட மாட்டேன். அந்த வழக்கைத் திறக்கவைத்தது இந்தப் படம் இல்லை. பல ஆண்டு விடாமல் தேடிய ஆராய்ச்சியாளர்களும், அதை வைத்து 2020-இல் வந்த ஆவணப்படமும்தான். 1992-இல் லட்சக்கணக்கான ஜனங்கள் அந்தக் கொலைக் காட்சியைப் பார்த்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள், எழுந்து போனார்கள். அஜீஸ் அந்த நேரத்தில் ஜாமீனில் வந்தவர் போலக் கொலைகாரன் என்ற பெயரோடு அதே நாட்டில் நடமாடிக்கொண்டிருந்தார். அம்மையார் பக்கம் ஒரு மதிப்பெண் போட்டுக்கொள்ளுங்கள்.

பின்னே எதை வைத்து நான் மாறுகிறது என்கிறேன்? எனக்குத் தெரிந்த ஒரே ஒரு பார்வையாளனை வைத்துச் சொல்கிறேன். அவன் பெயர் நான்.

படத்தில் ஒரு பள்ளிக்கூடக் காட்சி. மால்கம் எட்டாம் வகுப்பு. வெள்ளைப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் நன்றாகப் படிக்கிற பையன், வகுப்புத் தலைவனாகவே இருந்தவன். வாத்தியார் அன்பாகக் கேட்கிறார், என்னவாகப் போகிறாய்? வக்கீல் ஆக வேண்டும் என்கிறான். வாத்தியார் திட்டவில்லை, அடிக்கவில்லை. முகம் சுளிக்கக்கூட இல்லை. உன் போன்றவனுக்கு அது நடக்கிற காரியம் இல்லை, உனக்குக் கை வேலை நன்றாக வருகிறது, தச்சு வேலைக்குப் போயேன் என்று பரிவாகச் சொல்கிறார். துரோணர் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார். இந்த வாத்தியார் கேட்கக்கூட இல்லை. முதுகில் தட்டிக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

2003-இல் நண்பர் வீட்டில் இந்தப் படத்தை சி.டி.யில் போட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். ராட்னி கிங் காட்சியில் எல்லோரும் உச்சுக் கொட்டினோம். கொலைக் காட்சியில் நண்பரின் மனைவி அழுதார். எனக்கு வேர்த்தது அந்தப் பள்ளிக்கூடக் காட்சியில். ஏன் வேர்த்தது என்று இதுவரை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன். அவன் அப்பா எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவர். பையன் கெட்டிக்காரன். ஒரு நாள் வகுப்பு முடிந்து பின்னாலேயே வந்தான். "சார், குரூப் ஒன் எழுதலாம்னு இருக்கேன். என்ன புத்தகம் படிக்கணும் சார்?" நான் அவன் தோளில் கை போட்டேன். அன்பாகத்தான் போட்டேன். "உங்க வீட்டு நிலைமைக்கு அதெல்லாம் எதுக்குப்பா? வருஷக்கணக்கா உக்காந்து படிக்கணும். குரூப் ஃபோர் எழுது, டைப்ரைட்டிங் முடி, ஒரு கிளார்க் வேலை கிடைச்சா போதாதா?" சரிங்க சார் என்று போய்விட்டான். அன்றைக்கு ஒரு ஏழைப் பையனுக்கு நல்ல வழி காட்டினோம் என்று திருப்தியாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டவன் நான்.

படம் பார்த்த மறுவாரம் அவனைத் தேடிப் போனேன். பக்கத்து ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ வாங்கி வரச் சொன்னான். நான் எப்படியோ பேச்சைத் தொடங்கி, அன்னிக்கு நான் அப்படிச் சொன்னது தப்புப்பா என்றேன். அவன் சிரித்தான். நான் சொன்னதை வார்த்தை பிசகாமல் என்னிடமே திரும்பச் சொன்னான். சொல்லிவிட்டு, "நீங்க சரியாத்தானே சார் சொன்னீங்க, நம்ம நிலைமை அப்படித்தானே" என்றான். அவன் திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வந்திருப்பேன்.

பிறகு அவனுக்கு அந்தப் படத்தின் கதையை முழுக்கச் சொன்னேன். நடுவில் இரண்டு பேர் ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள், எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டான். கடைசிக் காட்சியைச் சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் சொவேட்டோ. ஒரு வகுப்பறை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நான்தான் மால்கம் எக்ஸ் என்கிறார்கள். கரும்பலகைக்கு முன்னால் வாத்தியாராக நிற்பவர் நடிகர் அல்ல, நெல்சன் மண்டேலா. 27 வருஷம் சிறையில் இருந்து 1990-இல் வெளியே வந்தவர். மால்கம் சொன்ன சொற்களையே அவர் பேசுகிறார். ஆனால் உரிமைக்காக எந்த வழியிலும் போராடுவோம் என்கிற கடைசித் தொடர் வரும்போது நிறுத்திக்கொள்கிறார். அப்போது அவர் வெள்ளை அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தையில் இருந்தார். அதைச் சொன்னால் வன்முறைக்கு அழைக்கிறார் என்று அவர் மேலேயே திருப்பிவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார். அந்தத் தொடரை மால்கமே சொல்கிற பழைய படச் சுருளை வைத்து முடித்தார் ஸ்பைக் லீ. மண்டேலா யார், தெரியுமில்லையா? வக்கீல்!

என் மாணவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்.

"அது சரி சார், தச்சு வேலைக்குப் போகச் சொன்னாரே, அந்த வாத்தியார் அப்புறம் என்ன ஆனார்?"

படத்தில் அவர் அந்த ஒரு காட்சியோடு சரி. திரும்ப வரவே இல்லை. அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். அய்யா மணியைத் தொடுகிறார்.